மகள் முகம் பார்த்து அமத்தியது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு காம்பரா, ஒரு காம்பரா ஒரு வீடு. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் ஏறி அப்படியே நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் காற்றுதான். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்முவார்கள். புருஷன் பெண்சாதி பேச்சு, பிள்ளைக்கு விழுகிற அடி, கிழவன் இருமல் எல்லாம் மேலால் வரும். கண்டிக்கு மேலே இந்த ஹந்தானை மலையில் நான் பிறந்ததும் இப்படி ஒரு காம்பராவில்தான், வாக்கப்பட்டு வந்ததும் இப்படி ஒன்றுக்குத்தான்.

அதற்காக எங்களுக்கு ரகசியம் என்று ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். சுவருக்கு மேலால் வந்ததை வாயில் எடுக்கக் கூடாது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கும். மறுநாள் பீலியில் தண்ணி பிடிக்கிற இடத்தில் அவளைக் கண்டால், "என்னக்கா, இன்னைக்கு எந்த மலைக்கு?" என்றுதான் கேட்போம். வீங்கியிருக்கிற கண்ணைப் பார்க்க மாட்டோம். பார்த்தாலும் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டோம்.

போனில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. நாற்பது வருசம் தலையில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்துக் கூடை சுமந்த பொம்பளைகளில் கன பேருக்கு வருகிற வருத்தம்தான். கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. எழுதிவிட்டேன். இன்னொரு தரம் எழுத மாட்டேன். மூன்று வருசமாக ஒருத்தருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் போய் ஒன்பது வருசமாகிறது, அவர் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ. சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பாரமான வாளியைத் தூக்காமல் பாதி பாதியாகத் தண்ணி கொண்டு வந்து சமாளித்தேன்.

கடைசியில் சொன்னது மகளிடம் மட்டும்தான். அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டு வேலை முடிந்து போன் கையில் எடுக்க அவளுக்கு நேரம் காலம் கிடையாது. அதனால் கூப்பிட்டுப் பேச முடியாது. நான் பேசிப் பதிந்து அனுப்புவேன், அவள் நேரம் கிடைக்கும்போது கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்புவாள். வொய்ஸ் போடுவது என்று அதற்குப் பெயர். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், ஆனால் போனில் பேர் எல்லாம் இங்கிலீசில் கிடக்கிறது. அவள் லீவில் வந்தபோது போனை என் கையில் வைத்து, "பேரப் பாக்காதம்மா. படத்தப் பாத்து அமத்து. எம் மூஞ்சி இருந்தா அது நான்தான்" என்றாள். ஒரு நாளும் ஆள் மாறிப் பிழைத்ததில்லை. அவள் முகம் எனக்குத் தெரியாதா?

அவள் கெஞ்சிக் கேட்டதால்தான் கிளினிக்குக்குப் போனேன். மலைக்குக் கீழே பெரியாஸ்பத்திரி. டாக்டரம்மா நல்லவர். ஆனால் அவருக்குப் பின்னால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், அதில் ஆம்பளைப் பிள்ளைகளும் இருந்தார்கள். திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார்கள் என்றாலும் திரைக்கு உள்ளேயே நாலு பேர். ஆப்பரேசன் செய்யத்தான் வேண்டும், திகதி தருகிறோம் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளினிக் கொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் இதை மகளுக்குச் சொல்ல வேண்டும். லயத்துக்குள்ளே இருந்து பேசினால் ஆறு வீட்டுக்கும் கேட்கும். அதனால் போனை மடியில் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன். எங்கள் லயத்துக்கு மேலே தேயிலைக்கு நடுவில் ஒரு பெரிய கல் இருக்கிறது. அங்கே சிக்னலும் வரும், மனுசரும் வர மாட்டார்கள். அந்த வருத்தத்தோடு அந்த ஏற்றம் ஏறுவது லேசான காரியமில்லை. பாதி வழியில் இரண்டு தரம் நின்றேன். ஒருத்தர் காதிலும் விழக் கூடாது என்பதற்காக அவ்வளவு பாடு.

கல்லில் சாய்ந்துகொண்டு போனைத் திறந்தேன். மேலேயே மகள் முகம் இருந்தது. சுற்றிப் பூவெல்லாம் போட்டிருந்தது. பிறந்தநாள் வருகிறதே, படத்தை மாத்தியிருக்கிறாள் என்று நினைத்தேன். அமத்தினேன். உள்ளே கேக்கும் மெழுகுதிரியுமாகக் கிடந்தது. அதுவும் அவள் அனுப்பினதுதான் என்று எண்ணிக்கொண்டு, மைக்கை விரலால் பிடித்துக்கொண்டு பேசினேன். டாக்டரம்மா சொன்னது, பிள்ளைகள் சுற்றி நின்றது, எனக்கு எங்கே என்ன வலி என்பது, நான் ஆப்பரேசனுக்குப் போகப் போவதில்லை என்பது, எல்லாம் சொன்னேன். நாலு நிமிசம் இருக்கும். கடைசியில் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஒம் மாமனார் காதுக்கு மட்டும் இது போயிறக் கூடாது புள்ள. அந்த மனுசன் மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்."

மகளின் மாமனார் எனக்குச் சம்மந்தி. தோட்டத்து மேல் பிரிவில் இருக்கிறார், மகள் பிள்ளையும் அங்கேதான் வளர்கிறது. பங்களா ஒன்றுக்கு வாட்சர் வேலை. கல்யாணம் முடிந்து பதினாலு வருசத்தில் அவரும் நானும் நேருக்கு நேர் ஒரு பேச்சுப் பேசினது கிடையாது. வாசலுக்கு வந்தால் கதவைப் பார்த்துக்கொண்டு, "சம்மந்தியம்மாகிட்ட சொல்லிருங்க" என்பார். வீட்டில் நான் மட்டும் தனியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். நானும் உள்ளே இருந்துகொண்டு கதவுக்குப் பதில் சொல்வேன். எங்களுக்குள் மரியாதை அப்படி. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

கல்லை விட்டு இறங்கக்கூட இல்லை, போன் அடித்தது. என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கச்சி.

"என்ன அண்ணி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? மூணு வருசமா மூடி வெச்சிட்டு இப்ப மைக் செட்டு போட்டு ஊருக்கே சொல்றீங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னா சொல்ற?"

"குரூப்புல போட்டிருக்கீங்களே. நாப்பத்து மூணு பேரு இருக்காங்க அதுல. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல இருந்தாரு, நான் அமத்திட்டேன், ஆண்டவனே, அப்பறந்தான் விளங்கிச்சு என்னா கேக்குதுன்னு."

குடும்பக் குரூப் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். என் தங்கச்சி மகன் ஆரம்பித்தது. என்னைக் கேட்காமலே என்னையும் உள்ளே போட்டிருந்தான். ஹேவாஹெட்டவில் இருக்கிற சொந்தம், கொழும்பில் இருக்கிற சொந்தம், கொண்டான் கொடுத்தான் எல்லாரும் அதில். நான் அதைத் திறந்ததே இல்லை. அதற்கு ஒரு கோயில் படம் இருந்தது, கோயிலை நான் தாண்டிப் போய்விடுவேன். அன்றைக்கு அந்தக் கோயிலை எடுத்துவிட்டு என் மகள் முகத்தை வைத்திருக்கிறார்கள். யாருக்குப் பிறந்தநாளோ அவர்கள் படத்தைக் குரூப்புக்கு வைப்பது அவர்கள் வழக்கமாம்.

உடனே அழிக்கப் பார்த்தேன். போனை மகள் தமிழில் வைத்துத் தந்திருந்தாள். விரலை அழுத்திப் பிடித்தபோது இரண்டு வரி வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். அனைவருக்கும் நீக்கு. எனக்கு மட்டும் நீக்கு. நான் யோசித்தேன். மற்றவர்கள் போனில் இருக்கிறதை எடுக்க நான் யார்? அடுத்தவர் அலுமாரிக்குள் கை விடுகிற மாதிரி அல்லவா? நான் போட்டதை எனக்குத்தான் எடுக்க வேண்டும் என்று, எனக்கு என்று இருந்ததை அமத்தினேன். மறைந்து போயிற்று. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

பத்து நிமிசத்தில் மறுபடியும் நாத்தனார்.

"இன்னும் கெடக்கு அண்ணி."

"அழிச்சிட்டேன் புள்ள. இங்க இல்ல."

"உங்க போன்லதான் இல்ல. மிச்சம் நாப்பத்திரண்டு போன்லயும் இருக்கு. நீங்க மட்டுந்தான் இப்ப கேக்க முடியாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அவளுக்கே பாவமாகப் போய்விட்டது போல. "அத ஆரம்பிச்சவன் கையால அழிக்கலாமாம். ஒங்க தங்கச்சி மகனப் புடிங்க. சம்மந்தி இன்னும் கேட்டிருக்க மாட்டாரு. பங்களாவுல சிக்னல் இல்லன்னு அவங்க வீட்டுல சொல்லுவாங்க. அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துதான் எல்லாத்தையும் கேப்பாரு."

அப்போது ஒன்பதரை மணி. அஞ்சு மணிக்கு முன்னே அதை அழிக்க வேண்டும். மற்ற நாப்பத்தொரு பேர் எப்படியாவது போகட்டும், அவர் ஒருத்தர் கேட்காமல் இருந்தால் போதும் என்றுதான் அன்றைக்கு எனக்கு மனசில் ஓடியது.

தங்கச்சி மகன் வத்தேகமவில் ஒரு போன் கடையில் வேலை. நாற்பது வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். எத்தனை தரம் எடுத்தாலும் அவன் போன் அடித்து அடித்து நின்றது. போன் கடையில் இருக்கிறவனுக்குப் போனை எடுக்க நேரமில்லை. நான் சேலையை மாத்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

மலை பஸ்ஸில் கண்டிக்கு இறங்கி, அங்கே வத்தேகம பஸ் பிடித்து, மடவளை தாண்டிப் போக வேண்டும். உட்கார்ந்தால் ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் வருகிறது, நின்றால் அடிவயிறு இழுக்கிறது. அதற்குள்ளே போன் மடியில் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே வந்தது. ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன். கும்பிடுகிற கை, அதற்குக் கீழே கேக், அதற்குக் கீழே அழுகிற மூஞ்சி, மறுபடியும் கேக். மகளுக்கு வாழ்த்தும் எனக்கு அனுதாபமும் ஒரே இடத்தில் கலந்து வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருத்தர் கற்றாழையில் செய்கிற மருந்து ஒன்றை நீளமாக எழுதியிருந்தார். வயசில் சின்ன ஆம்பளைப் பிள்ளை ஒருவன், என் மடியில் இருந்து வளர்ந்தவன், "கெதியா சுகம் வரட்டும் அத்தை" என்று ரோசாப்பூப் படம் போட்டிருந்தான். எனக்கு அந்தப் பூவைப் பார்க்க எரிந்தது. அவன் மேலே கோபமில்லை. அவனுக்கு எதற்கு இது தெரிய வேண்டும்?

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஒரு மணி. முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர், கல்லாவில் இருந்தார். தங்கச்சி மகன் கண்ணில் கண்ணாடி வில்லை ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு போனைப் பிரித்துப் போட்டிருந்தான். சனம் நாலைந்து பேர் நின்றார்கள்.

"பெரியம்மா? என்னா இவ்வளவு தூரம்? தனியாவா வந்தீங்க?"

"போன் ஏன்டா எடுக்கல?"

"சார்ஜ்ல போட்டிருந்தேன். என்னா விசயம்?"

"ஒண்ணு அழிக்கணும்."

"எதை?"

"நான் போட்டது ஒண்ணு. ஒன் குரூப்புல."

"நீங்க குரூப்புல போட்டீங்களா?" என்று சிரித்தான். "நீங்க நேர்லயே பேச மாட்டீங்களே பெரியம்மா." போனை எடுத்து மேலே தள்ளிக்கொண்டு போனான். "எது, இதுவா?"

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அமத்திவிட்டான். கடைக்குள்ளே என் குரல். அவன் போன் பெரிய சத்தம் போடுகிற போன். டாக்டரம்மா பார்த்தாங்க புள்ள என்று ஆரம்பித்தது. நான் என் குரலை அதுவரைக்கும் வெளியில் கேட்டதில்லை. அழுகிறவள் குரல் மாதிரி இருந்தது. அவன் பதறிப் போய் நிறுத்தப் பார்த்தான், விரல் வேறே எங்கேயோ பட்டு இன்னும் கொஞ்சம் ஓடியது, ஓடக் கூடாத இடம் வரைக்கும் ஓடி நின்றது.

முதலாளி எழும்பினார். நின்ற சனத்தைப் பார்த்து, "வாங்க வாங்க, வெளிய புது கவர் வந்திரிக்கி, காட்டுறன்" என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். போகிற போக்கில் ஒரு கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டு, "இரிங்க உம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் லயத்தில் பிறந்தவர் இல்லை. எங்கே கற்றுக்கொண்டாரோ தெரியாது.

தங்கச்சி மகன் தலையைக் குனிந்துகொண்டு அழித்தான்.

"போயிருச்சு பெரியம்மா. எல்லார் போன்லயும் போயிருச்சு."

"யாரு யாரு கேட்டாங்க?"

"அது தெரியாது. போட்டவங்க போன்லதான் காட்டும். நீங்க ஒங்க போன்ல அழிக்காம இருந்திருந்தா ஒவ்வொரு ஆளா பாத்திருக்கலாம்."

கேட்டவர்கள் பட்டியல் என் கையில் இருந்திருக்கிறது, அதையும் நானே அழித்திருக்கிறேன். என்னத்தைச் சொல்ல.

"ஏன்டா அவ படத்த அதுல வெச்ச? என் மகதான்னு நெனச்சில்ல நான் பேசினேன்."

"பொறந்தநாளுன்னா வெப்போம் பெரியம்மா. ஒரு சந்தோசம்தானே. போன மாசம் ஒங்க படத்தையும் வெச்சோமே."

"எம் படத்தையா?"

"ஆமா. ஐடியில பாத்து தேதி எடுத்து வெச்சிருக்கேன் எல்லாருக்கும். திருவிழாவுல நீங்க தட்டு புடிச்சிட்டு நிப்பீங்களே, அந்தப் படம். கன பேரு வாழ்த்தினாங்க. நீங்கதான் பதிலே போடல."

ஐடியில் இருக்கிறது தோட்டத்து ஆபிசில் உத்தேசமாக எழுதின தேதி. என் பிறந்தநாள் எது என்று எனக்கே தெரியாது. அது போகட்டும். ஐடியின் படம் இவன் கையில் எப்படி வந்தது? நிவாரணத்துக்குப் பதியும்போது அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். அது அவன் போனிலேயே கிடக்கிறது. திருவிழாவில் என்னைப் படம் பிடித்தது யார்? நான் படம் எடுக்கச் சம்மதித்தது கல்யாணத்துக்கு ஒரு தரம், ஐடிக்கு ஒரு தரம். ஒரு நாள் முழுக்க நாப்பது வீட்டில் என் முகம் இருந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது.

"யாரக் கேட்டுச் செஞ்ச?" என்றேன்.

"சொந்தக்காரங்கதானே பெரியம்மா எல்லாரும்" என்றான். அவனுக்கு உண்மையாகவே நான் கேட்டது விளங்கவில்லை. கெட்ட பிள்ளை இல்லை அவன். சொந்தக்காரர்கள் என்பதால்தான் எனக்கு இவ்வளவு பயம் என்று அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ஊர் பேர் தெரியாதவன் கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறான். அவன் என் வாசலுக்கு வந்து நிற்கப் போவதில்லையே.

குரூப்புக்கு மறுபடியும் கோயில் படத்தை வைக்கச் சொன்னேன். என் ஐடிப் படத்தை என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன். வைத்தான், அழித்தான். தேத்தண்ணி வாங்கித் தந்தான். குடிக்க முடியவில்லை.

திரும்பி வந்து லயத்தில் கால் வைத்தபோது நாலு மணி. அஞ்சுக்கு முன்னேதான். ஆனால் மற்றவர்கள் போனில் நான் போட்ட இடத்தில் ஒரு வரி நின்றதாம். செய்தி நீக்கப்பட்டது என்று. சும்மா போயிருந்தால் போயிருக்கும், இந்த வரி அங்கே நின்றுகொண்டு எல்லாரையும் கூப்பிட்டது. கேட்காதவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள், என்ன அழித்தது, யார் போட்டது என்று. நாத்தனார்தான் உள்ளே புகுந்து, "அண்ணி தெரியாம அமத்திட்டாங்க, ஒண்ணுமில்ல, எல்லாரும் கேக் சாப்பிடுங்க" என்று ஒரு வொய்ஸ் போட்டாள். அவள் வாய் பொல்லாத வாய், ஆனால் அன்றைக்கு அதுதான் உதவியது. நான் குரூப்பை விட்டே போகலாம் என்று பார்த்தேன். போனால் அதற்கும் ஒரு வரி வருமாம், இன்னார் வெளியேறினார் என்று. வாசலில் செருப்புச் சத்தம் கேட்காமல் எழும்பிப் போக அங்கே வழியில்லை.

பொழுது சாய மகள் எப்படியோ நேரம் பிடித்துக் கூப்பிட்டாள். அவளும் குரூப்பில்தான் கேட்டிருக்கிறாள். கொஞ்சம் சிரித்தாள், பிறகு அழுதாள். "நாந்தாம்மா படத்தப் பாத்து அமத்தச் சொன்னேன்" என்றாள். பிறகு, "எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சே, இனி என்னா வெக்கம்? ஆப்பரேசனுக்குப் போயேம்மா" என்றாள்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை இன்னும் அடக்க முடியவில்லை. "தெரிஞ்சா வெக்கம் போயிருமா? தெரிஞ்சப் பொறகுதான்டி வெக்கமே" என்றேன்.

"சரிம்மா, சரி."

"ஒம் மாமனாரு கேட்டாரா?"

"ஒண்ணும் சொல்லலம்மா. கேட்டிருக்க மாட்டாரு."

அன்றிலிருந்து நான் படத்தை நம்புவதில்லை. முதலில் சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை மட்டும் போடுவேன். அவள் குரல் திரும்பி வந்த பிறகுதான் மற்றதைப் பேசுவேன். சில நாள் அதற்கே ஒரு நாள் முழுக்கப் போய்விடும். போகட்டும்.

மறுநாள் பீலிக்குப் போனபோது பக்கத்துக் காம்பராக்காரி என் வாளியை நிரப்பித் தூக்கி வைத்திருந்தாள். அவள் எங்கள் குரூப்பில் இல்லை, சொந்தமும் இல்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டு வருசமாகவே, வரிசையில் வைத்துவிட்டு வந்த என் வாளி நான் திரும்பப் போவதற்கு முன் நிறைந்துதான் இருக்கும், நான்தான் அதைப் பாதி பாதியாக எடுத்துப் போவேன். விடிய எழும்பும்போது நான் முனகுவது சுவருக்கு மேலால் போயிருக்கும்தானே. "என்னக்கா, இன்னைக்கு மழ வருமா?" என்றாள். வரும் போலத்தான் இருக்கு என்றேன்.

பிறகு மூன்று கிழமை ஒன்றும் இல்லை. சம்மந்தி வீட்டிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. அவர் ஒரு நாள் வாசலுக்கு வந்து, வழக்கம் போல் கதவைப் பார்த்து, "பேரப்புள்ளைக்கு ஸ்கூல் சப்பாத்து வாங்கியாச்சுன்னு சம்மந்தியம்மாகிட்ட சொல்லிருங்க" என்றுவிட்டுப் போனார். எனக்கு நெஞ்சு லேசானது. அஞ்சு மணிக்கு முன் ஓடினது வீண் போகவில்லை என்று நினைத்தேன். அந்தத் தெம்பில்தான் ஆப்பரேசனுக்குத் திகதி வாங்கி வருவோம் என்று கிளினிக்குக்குக் கிளம்பினேன்.

பஸ் மேல் பிரிவிலிருந்து வருகிறது. ஏறினபோது எல்லா இருக்கையிலும் ஆட்கள் இருந்தார்கள், நாலைந்து பேர் நின்றார்கள், எல்லாம் தெரிந்த முகம். முன்னுக்கு மூன்றாவது இருக்கையில் சம்மந்தி. என்னைக் கண்டதும் எழும்பினார். அப்படி எழும்புகிற மனுசன்தான், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கதவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பதினாலு வருசத்தில் முதல் தரம்.

"சம்மந்தியம்மா, இங்க இருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு நிக்கக் கூடாது" என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வத்தேகமவுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னமே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எங்கே என்ன வலி என்பதையும், அவர் காதுக்குப் போகக் கூடாது என்று நான் சொன்னதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு மூன்று கிழமை கதவைப் பார்த்துப் பேசியிருக்கிறார்.

"பரவாயில்ல" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மே, வாடிவென்ன" என்று கண்டக்டரும் உட்காரச் சொன்னான். நான் ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வளைவுக்கும் அடிவயிறு இழுத்தது. சம்மந்தியும் திரும்ப உட்காரவில்லை, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் இரண்டு பேரும் நிற்கிறோம் என்று, நின்றுகொண்டிருந்த மற்றவர்களும் அதில் உட்காரவில்லை. ஆஸ்பத்திரி வளைவு வரைக்கும் அந்த இருக்கை காலியாகவே வந்தது.